துவிச்சக்கரவண்டியின் தோலாசனம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு சாணுக்குக் குறைந்த அகலமும் ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட நீளமும் உடையது. துவிச்சக்கரவண்டியில் நாம் அமர்ந்து செல்லும் தோலாசனமே அது. பேச்சு வழக்கில் 'சீற்' என்கின்றோம். இத்துணைச் சிறிய பொருளைப்பற்றி ஒரு பேச்சு வேண்டுமா என நேயர்கள் எண்ணக்கூடும். நானும் ஒருகாலத்தில் அவ்வாறு எண்ணியவனே. அந்த எண்ணத்தினால் ஒரு நல்ல ஆசனத்தை இழந்தேன். இழந்த விதத்தை முதலிற் கூறிவிடுகின்றேன்.

என் தகப்பனார் ஓர் ஆசிரியர். நொட்டிங்ஹாம் நகரிற் செய்யப்பட்ட கறுப்பு றலி வண்டியொன்றிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலைக்குப் போய்வந்தார். அவ்வண்டியின் தோலாசனத்திற் பின்பக்கமாக இரண்டு மெல்லிய பள்ளங்கள் இருந்தன. அவர் நாள்தோறும் அமர்ந்து அமர்ந்து ஏற்பட்ட பள்ளங்கள் அவை. அவர் மறைந்தபின் வண்டி பின்கொட்டிலிற் கிடந்தது. 2022ஆம் ஆண்டிலே நாடெங்கும் எரிபொருட் தட்டுப்பாடு ஏற்பட்டு மக்கள் நெடுநேரம் வரிசைகளிற் காத்துநின்றபோது, பலரைப் போல நானும் பழைய வண்டியை நாடினேன். தோல் வரண்டு வெளிறியிருந்தது. நன்மை செய்வதாக எண்ணித் தேங்காயெண்ணெயைத் தாராளமாக வார்த்து, முற்றத்து வெயிலிலே வைத்தேன். ஆசனம் குடித்தது. மேலும் வார்த்தேன், மேலும் குடித்தது. சில வாரங்களில் தோல் தொய்ந்து நடுவிற் குழிந்தது. தொய்வை நீக்குவதற்காக முன்னுள்ள திருகாணியை இறுக்கினேன். பின்னரும் இறுக்கினேன். ஒருநாட் காலை மூக்குப்புறத்து ஆணிகளின் அடியிலே தோல் கிழிந்தது. தகப்பனாரின் பள்ளங்களோ அதற்கு முன்னமே மறைந்துவிட்டன.

வண்டி திருத்தும் முதியவர் ஒருவரிடம் அதனைக் கொண்டுசென்றேன். அவர் விரலாற் தடவிப் பார்த்தார். "தம்பி, நீர் இதுக்கு எண்ணெய் வார்த்தனீரோ?" என்று மட்டும் கேட்டார். எண்ணெய் வார்த்தது ஏன் பிழையாயிற்று என்பதை அறிய முற்பட்டதன் பயனே இன்றைய பேச்சு.

முதலில் இவ்வாசனத்தின் அமைப்பை நோக்குவோம். தோலாசனத்தினுள்ளே பஞ்சும் இல்லை, றப்பரும் இல்லை. பின்புறத்தில் வளைந்த உலோகத் தகடு ஒன்று. முன்புறத்தில் மூக்குப்போன்ற சிறு உலோகத் துண்டு ஒன்று. இரண்டையும் இணைக்கும் கம்பிகள் கீழே. ஒரே தோற்துண்டு இவ்விரு முனைகளுக்குமிடையில் இழுத்துக் கட்டப்பட்டு ஆணிகளாற் பொருத்தப்பட்டிருக்கிறது. இடையில் அதற்குத் தாங்கல் எதுவும் இல்லை. மத்தளத்தின் தோலை எண்ணிப் பாருங்கள். அதன் பயனெல்லாம் இழுவிசையிலே தங்கியுள்ளது. இழுவிசை குறைந்தால் நாதம் போய்விடும். மிகுந்தால் தோல் கிழிந்துவிடும். துவிச்சக்கரவண்டியின் ஆசனமும் அத்தகையதே. நம்மைத் தாங்குவது உலோகமன்று. இழுபட்டு நிற்கும் தோலே தாங்குகின்றது.

இவ்வகை ஆசனத்தின் வரலாறு இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்தோடு இணைந்தது. ஜோன் போல்ட்பீ புறூக்ஸ் என்பவர் 1866ஆம் ஆண்டிலே அங்கு குதிரைச் சேணங்களும் பிற தோற்பொருள்களும் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1878ஆம் ஆண்டில் அவருடைய குதிரை இறந்துவிட்டதாகவும், வேறொரு குதிரை வாங்க இயலாமையால் ஒரு துவிச்சக்கரவண்டியை இரவல் பெற்றதாகவும், அதன் கடினமான ஆசனத்தினால் வருந்தியதாகவும் அந்நிறுவனத்தார் கூறிவருகின்றனர். 1882ஆம் ஆண்டில் அவர் துவிச்சக்கரவண்டி ஆசனத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். சேணம் செய்வோர் கைகள் தோலின் இயல்பை நன்கு அறிந்தவை. அந்த அறிவே வண்டியின் ஆசனத்துக்கும் வந்துசேர்ந்தது. 1885ஆம் ஆண்டில் கவன்றி நகரத்து ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒத்த அளவினவாக உள்ள வண்டியை வெளியிட்டார். 1888ஆம் ஆண்டில் டன்லொப் என்பவர் காற்றடைத்த றப்பர்ச் சக்கரத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். வண்டியின் பிற உறுப்புகள் அதன்பின் எத்தனையோ மாறுதல்களை அடைந்தன. ஆனால் தோலாசனம் அன்றிருந்த அமைப்பிலேயே இன்றும் பேர்மிங்ஹாமுக்கு அண்மையிலுள்ள ஸ்மெதிக் என்னும் ஊரிற் செய்யப்படுகின்றது.

அத்தோல் எவ்வாறு உருவாகிறது என்பதை இனி அறிதல் வேண்டும். அதை அறிந்தாற்தான் எண்ணெயின் தீமை விளங்கும். மாட்டுத்தோல் கொலாஜன் என்னும் நுண்ணிய நார்களாலான பின்னல். பச்சைத்தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். உலரவிட்டால் பலகைபோல் விறைத்துவிடும். இதனைத் தடுப்பதற்காக மரப்பட்டைகளிலுள்ள துவர்ப்புப் பொருளைத் தோலினுட் செலுத்துவர். தென்னிந்தியாவிலே, ஆவரசு என நாம் வழங்கும் செடியின் பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டது இம்முறைக்கு நாமறிந்த எடுத்துக்காட்டாகும். துவர்ப்புப் பொருள் நார்களைப் பற்றிக்கொண்டு அவற்றை அழுகாமற் காக்கின்றது. இவ்வாறு பதனிட்ட தோலுக்கு ஒரு சிறப்பியல்பு உண்டு. நனைந்தால் இளகி, விரும்பிய வடிவத்தை ஏற்கும். உலர்ந்தால் அவ்வடிவத்தை விடாது பற்றிக்கொள்ளும். ஆசனம் செய்வோர் நான்கு முதல் ஆறு மில்லிமீற்றர்வரை தடிப்புள்ள தோலை நீரில் ஊறவைத்து, உலோக அச்சின்மேல் அழுத்தி உலர்த்தி, வடிவம் பெற்றபின்பே ஆணியடிக்கின்றனர். சப்பாத்தின் மேற்தோலோடு ஒப்பிட்டால் இது இரண்டு மூன்று மடங்கு தடித்ததாகும்.

புதிய ஆசனத்தின் இளகாத உறுதியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவ்வுறுதியே அதன் உயிர். நாம் அமரும்போது உடலின் எடை எங்கே தங்குகின்றது? இடுப்பெலும்பின் அடியிலே இரண்டு முனைகள் உள்ளன. கடினமான வாங்கிலில் அமர்ந்தால் அவற்றை நாமே உணரலாம். எடை அவ்விரு முனைகளின்மீது தங்கினாற் துன்பமில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட மென்பகுதியில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் செல்கின்றன. மிக மென்மையான மெத்தையிலே எலும்பு முனைகள் புதைந்துவிடும். புதையவே, நடுவிலுள்ள மெத்தை மேலெழுந்து அம்மென்பகுதியை நெருக்கும். ஆகவே கடையில் விரலால் அழுத்திப் பார்க்கும்போது இன்பமாகத் தோன்றும் ஆசனம், பத்துக் கிலோமீற்றர் சென்றபின் மரத்துப்போகும் உணர்வைத் தரலாம். தோலாசனமோ எலும்பு முனைகளின் கீழ் மட்டும் சிறிது சிறிதாக இளகுகின்றது. உடலின் வெப்பமும் வியர்வையின் ஈரமும் எடையும் சேர்ந்து, தொழிற்சாலையில் அச்சு செய்த வேலையைத் தொடர்ந்து செய்கின்றன. அமர்பவரே இப்போது அச்சு. என் தகப்பனாரின் ஆசனத்திலிருந்த இரு பள்ளங்களின் பொருள் அதுவே.

இனி எண்ணெய்க்கு வருவோம். தோலின் நார்கள் ஒன்றோடொன்று உரசி ஒடியாமலிருக்கச் சிறிது கொழுப்பு வேண்டும். அது முற்றாக இல்லாவிட்டாற் தோல் வெடிக்கும். அளவுக்கு மிஞ்சினாலோ நார்கள் வழுக்கி ஒன்றைவிட்டொன்று விலகும். இழுவிசையைத் தாங்கமாட்டாது தோல் நீண்டுவிடும். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் உருகுவது. நமது நாட்டின் தாழ்நிலங்களில் அது பெரும்பாலும் நீர்மமாகவே இருக்கும். தோலின் மேற்பரப்பில் நில்லாது உள்ளே ஊறிப் பரவும். வெயிலில் வைத்தால் இன்னும் விரைவாகப் பரவும். சப்பாத்தையோ கைப்பையையோ இளக்குவதற்கு எண்ணெய் உதவலாம். இழுபட்டு நின்று எடை தாங்கும் ஆசனத்துக்கு அவ்விளக்கமே கேடு. நல்லெண்ணெயும், வண்டிச் சங்கிலிக்கு இடும் இயந்திர எண்ணெயும் இத்தீமையையே செய்யும். உள்ளே ஊறிய எண்ணெயை மீட்டெடுக்கும் வழி இல்லை.

ஆசனத்தைத் தெரிந்தெடுக்கும் முறையை இப்போது பார்ப்போம். முதலாவது கேள்வி, நீங்கள் வண்டியில் எவ்வாறு அமர்கிறீர்கள் என்பது. கைபிடி உயர்ந்து, முதுகு நிமிர்ந்து செல்பவராயின் எடை பெரும்பாலும் பின்புறத்தில் விழும். அவருக்கு அகன்றதும், அடியிலே சுருள்வில் பொருத்தியதுமான ஆசனம் ஏற்றது. நம் ஊர்களில் ஓடும் பழைய கறுப்பு வண்டிகள் இவ்வகையின. முன்குனிந்து விரைந்து செல்பவருக்கு எடையின் ஒரு பகுதி கைகளுக்குப் போய்விடும். அகன்ற ஆசனம் தொடையை உரசும். அவருக்கு ஒடுங்கியதே நன்று.

இரண்டாவது கேள்வி எலும்பு முனைகளின் இடைவெளி. இதனை வீட்டிலேயே அளக்கலாம். மடிப்பு மடிப்பாயுள்ள கடுதாசிப்பெட்டி மட்டையின் துண்டொன்றை வாங்கிலின்மேல் வைத்து, மெல்லிய உடையோடு அதன்மேல் அமர்ந்து, கால்களைச் சற்று உயர்த்துங்கள். எழுந்து பார்த்தால் மட்டையில் இரண்டு குழிகள் தென்படும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கிடையேயுள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பெண்களுக்கு இவ்விடைவெளி பொதுவாக ஆண்களுக்கு உள்ளதிலும் சற்றுக் கூடுதலானது. இரு முனைகளும் தோலின்மேல் தங்கவேண்டும்; பின்புற உலோகத் தகட்டின் விளிம்பில் ஒருபோதும் தங்கலாகாது. இடைவெளி 12 சென்ரிமீற்றர் எனின், 16 முதல் 17 சென்ரிமீற்றர்வரை அகலமுள்ள ஆசனம் இருபுறமும் ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் விளிம்பு தரும். நிமிர்ந்து அமர்பவர் இதனிலும் அகன்றதைக் கொள்ளலாம்.

மூன்றாவது, தோலின் தரம். ஆசனத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். நல்ல தோலின் அடிப்புறம் இறுகிய நார்களோடு ஒரே சீராக இருக்கும். வெட்டிய விளிம்பை நோக்குங்கள். உள்ளும் புறமும் ஒரே தோலாகத் தெரியவேண்டும். மெல்லிய தோலின்மேல் செயற்கைப் படலம் ஒட்டப்பட்டிருந்தால் விளிம்பு அதனைக் காட்டிவிடும். பெருவிரலால் நடுவில் அழுத்தினால் எளிதிற் குழியலாகாது. பழைய ஆசனம் வாங்குவோர் ஆணித் துளைகளைச் சுற்றி வெடிப்பு உண்டா என்பதையும், முன்திருகாணியில் இறுக்குவதற்கு இன்னும் புரி மிஞ்சியிருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். புரி முடிந்துபோன ஆசனம் தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டது. பிறர் நெடுங்காலம் பயன்படுத்திய ஆசனம் அவர் உடலின் வடிவத்தை ஏற்றிருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

வாங்கிய ஆசனத்தைப் பொருத்துவதிலும் கவனம் வேண்டும். வண்டியில் அமர்ந்து, குதிகாலைப் பெடலின்மேல் வைத்து, பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் உள்ளபோது கால் நேராக நீண்டிருந்தால் உயரம் ஏறக்குறையச் சரியாகும். மேசன் பயன்படுத்தும் நீர்மட்டத்தை ஆசனத்தின் நீளவாட்டில் வைத்துப் பார்த்து, முதலில் மட்டமாகவே பொருத்துங்கள். தோலின் நடு சற்றுத் தாழ்வதால், சிலருக்கு மூக்கு ஒரு சிறிது உயர்ந்திருந்தாற்தான் முன்னே வழுக்காது இருக்கும். மட்டத்திலிருந்து சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் சிலநாள் ஓடிப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

முதற்சில நூறு கிலோமீற்றர் சற்றுக் கடினமாகவே இருக்கும். நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீற்றர் செல்பவர் இரண்டு மாதத்தில் ஐந்நூறு கிலோமீற்றரை எட்டிவிடுவார்; அதற்குள் ஆசனம் இணங்கத் தொடங்கும். நீண்ட பயணத்தை முதல் நாளிலேயே மேற்கொள்ளாதீர்கள். விரைவில் இளகவேண்டுமெனத் தோலை நீரில் ஊறவைப்போரும் சுத்தியலால் அடிப்போரும் உள்ளர். இவை தோலின் ஆயுளைக் குறைக்கும். வெள்ளை வேட்டியும் சேலையும் உடுப்போருக்கு இன்னொரு சொல். புதுத்தோலின் சாயம் சிலகாலம் உடையிற் பிடிக்கும். நிறம் பிடிப்பது நிற்கும்வரை ஆசனத்தின்மேல் ஒரு துணியுறை இட்டுக்கொள்வது நன்று.

இறுதியாகப் பேணும் முறை. ஆசனம் செய்வோர் தரும் பூச்சு கொழுப்பும் தேன்மெழுகும் கலந்தது. அது எண்ணெயைப்போல் ஓடாது, தடித்து நிற்கும். புதிய ஆசனத்தின் அடிப்புறத்துக்கு ஒருமுறை சற்றுத் தாராளமாகப் பூசலாம். ஏனெனில் சக்கரம் தெறிக்கும் நீர் அப்பக்கமே வரும். மேற்புறத்துக்கு மெல்லிய பூச்சே போதும். பூசி ஓர் இரவு நிழலில் வைத்து, மறுநாள் உலர்ந்த துணியாற் துடைத்துப் பளபளப்பாக்குங்கள். முதலாண்டில் மூன்று நான்கு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையும் செய்தால் அமையும். தோல் வரண்டு வெளிறினாற் பூசவேண்டும். மினுங்கிக்கொண்டிருந்தால் வாளாவிருக்க வேண்டும். நெடுங்காலம் கிடந்து வரண்ட தோலுக்கும் இதுவே விதி. மெல்லிய பூச்சொன்று இட்டு ஒரு வாரம் பொறுத்து, தேவையாயின் மட்டும் மீண்டும் இடுக. நான் செய்யத் தவறியது இதுவே.

மழை பெய்யும்போது ஆசனத்துக்கு உறையிடுங்கள். பின்சக்கரத்துக்கு மட்காட் இல்லாத வண்டியில், மேலே உறையிருந்தும் கீழிருந்து நனைந்துவிடும். முற்றாக நனைந்த தோலின்மேல் அமர்ந்து ஓடினால் அது தன் வடிவத்தை இழக்கும். நனைந்ததைத் துணியால் ஒற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் மெதுவாக உலரவிடுங்கள். வெயிலில் வைப்பதும் அடுப்படியில் வைப்பதும் தகா. ஈரத்தோல் சூட்டினாற் சுருங்கி, விறைத்து, வெடிக்கும். உலர்ந்தபின் மெல்லிய பூச்சு இடுக. வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மாரியிலே பூஞ்சணம் பிடிப்பதுண்டு. பொலித்தீன் உறையை நாட்கணக்கில் இட்டு வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணத்தை வளர்க்கும். ஆதலால் வண்டி வீட்டுக்கு வந்ததும் உறையைக் கழற்றிவிடுக. பூஞ்சணத்தை உலர்ந்த தூரிகையால் துலக்கிக் காற்றாட வைத்தாற் போதும்.

திருகாணி பற்றி ஒரு வார்த்தை. அது அடிக்கடி இறுக்குவதற்காக வைக்கப்பட்டதன்று. புதிய ஆசனத்தை இறுக்கவேண்டிய தேவையே இல்லை. பல மாதங்களின் பின், நடு தாழ்ந்துவிட்டது எனக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால், உரிய ஸ்பனரைக் கொண்டு ஒருமுறைக்குக் காற்சுற்று இறுக்கி, சிலநாள் ஓடிப் பாருங்கள். மிகையாக இறுக்கப்பட்ட தோல் மேலும் நீளும், அல்லது மூக்கின் ஆணியடியிற் கிழியும். பக்கங்கள் விரிந்து தொங்கும் ஆசனத்துக்கு, கீழ் விளிம்பில் துளையிட்டு உறுதியான நூலால் இருபுறத்தையும் இழுத்துக் கட்டுவது இன்னொரு வழி. திருகாணியை மேலும் மேலும் இறுக்குவதைவிட இது தோலுக்கு நன்மை தருவது.

நேயர்களே, கிழிந்த அவ்வாசனத்தை நான் எறியவில்லை. கொட்டிலின் சுவரிலே தொங்கவிட்டிருக்கின்றேன். வண்டிக்குப் புதிய தோலாசனம் ஒன்று வாங்கிப் பொருத்தினேன். இரண்டு ஆண்டுகள் சென்றபின் அதிலும் பின்பக்கமாக இரு பள்ளங்கள் தெரியத் தொடங்கின. அவை என் தகப்பனாரின் பள்ளங்களிலும் சற்று அகன்றிருக்கின்றன. என் உடல் அவ்வாறு. பூச்சு டப்பா அலமாரியிலே இருக்கின்றது. அது வாங்கி மூன்று ஆண்டுகளாகியும் பாதிகூட முடியவில்லை. உங்கள் வீட்டுக் கொட்டிலிலும் பெரியவர் ஒருவரின் வண்டி கிடக்குமாயின், எண்ணெய்ப் போத்தலைக் கையிலெடுக்குமுன் அதன் ஆசனத்தை ஒருமுறை விரலாற் தடவிப் பாருங்கள்.